நரம்புல பட்டிருக்கா?

"நரம்புல ஏதாச்சும் பட்டிருக்கா சார்?"

கழுத்தில் அடிபட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான். எலும்பைப் பற்றி யாரும் அவ்வளவு கவலைப்படுவதில்லை. எலும்பு என்றால் கட்டுப் போட்டால் கூடிவிடும் என்று நம்மவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. நரம்பு என்றால்தான் பயம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாரத்தில் மூன்று நாள் மாலை வேளையில் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் அங்கே வந்து போயிருக்கிறார்கள். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, இந்த ஒரு கேள்விக்கே ஆற அமர உட்கார்ந்து பதில் எழுதினால் என்ன என்று தோன்றியது. கிளினிக்கில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேள்விக்குத் தப்பான இடத்தில் பதில் தேடி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். தமிழில் நரம்பு என்பது பல பொருளுக்கு ஒரே பெயர். புறங்கையில் பச்சையாகப் புடைத்து நிற்கிற ரத்தக் குழாய் நரம்பு. அதில் போடுவது 'நரம்பு ஊசி'. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விறைப்பாக இருக்கிற தசைநாணும் நரம்பு. இலையில் ஓடுகிற கோடு நரம்பு, பழந்தமிழில் யாழின் தந்தியும் நரம்பு. கன்னடத்தில் 'நர' என்றாலும் இதே கதைதான். ஆகவே "நரம்பு சுருண்டுகிச்சு", "நரம்பு பிசகிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் பாதிக்குப் பாதி அது தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும். நான் இங்கே எழுதுவது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் சேதி கொண்டு போகிற, தோலிலிருந்து சேதி கொண்டு வருகிற நரம்பைப் பற்றி மட்டும். அதுவும் நேற்று அடிபட்டவர்களைப் பற்றி அல்ல. மூன்று மாதம் தாண்டியும் கழுத்து விடாமல் தொந்தரவு கொடுக்கிறதே, அவர்களைப் பற்றி. (நேற்று அடிபட்டவரை, இதில் சொல்லியிருக்கிற எதையும் செய்து பார்க்காமல், கழுத்தை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.)

இந்த ஊரில் அப்படிப்பட்ட கழுத்துகளுக்குப் பஞ்சம் இல்லை. பெங்களூர் ரோட்டில் பின்னாலிருந்து வண்டி இடித்தவர்கள் ஒரு வகை. 2023 மார்ச்சில் திறந்த புதிய அதிவேகச் சாலை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறது. அந்த வருஷம் ஆகஸ்டு 1 முதல் அதன் பிரதான பாதையில் பைக்கும் ஆட்டோவும் போகக் கூடாது என்று தடை வந்தது. அதற்கு முன்னால் பழைய ரோட்டில் வாங்கிய அடியைக் கழுத்தில் சுமந்துகொண்டு இன்றும் வருகிறவர்கள் உண்டு. இரண்டாவது வகை, கரும்பு. மண்டியா ஜில்லா முழுக்கக் கரும்புதான். வெட்டிய கட்டைத் தலையில் ஏற்றி லாரிக்குக் கொண்டு போகிறவர்களின் கழுத்து ஒரே நாளில் அடிபடுவதில்லை, வருஷக்கணக்கில் அடிபடுகிறது. நாம் சும்மாடு என்பதை இங்கே 'சிம்பி' என்பார்கள். அது உச்சந்தலையைத்தான் காப்பாற்றும். கழுத்து ஜவ்வுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றாவது, பஸ் பிரேக் போட்டதில் வெட்டி இழுத்தது, படியில் சறுக்கியது போன்ற சின்ன விஷயங்கள். சின்னது என்று நினைப்பதுதான் சில சமயம் ஆபத்து.

பரிசோதனை எங்கே ஆரம்பிக்கிறது? சுத்தியலில் அல்ல, பேச்சில். நம்மைப் போல வெளி மாநிலத்தில் இருக்கிறவர்களுக்கு முதல் சிக்கலே அங்கேதான்.

கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு பாட்டி "கை மதமதன்னு இருக்கு" என்கிறார். மகன் படித்தது மைசூரில், வேலை பெங்களூரில். அவர் டாக்டரிடம் "வீக்னெஸ்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்க்கிறார். இரண்டும் வேறு வேறு. மதமதப்பு என்பது தோலில் உணர்ச்சி குறைவது. வீக்னெஸ் என்றால் தசையில் பலம் குறைவது. டாக்டர் பலத்தைச் சோதித்துப் பார்க்கிறார், நன்றாக இருக்கிறது. "வயசாச்சு, சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்று அனுப்பிவிடுகிறார். பாட்டி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

வலியைச் சொல்வதற்கு நம் பாஷையில் இருக்கிற வசதி கொஞ்சநஞ்சம் அல்ல. குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுளீர், சுருக்கு, மரமரப்பு, எறும்பு ஊர்வது, ஷாக் அடிப்பது. நரம்பு பார்க்கிறவனுக்கு இது ஒவ்வொன்றும் ஒரு தடயம். கழுத்தைச் சுற்றியே இருக்கிற கடுப்பு பெரும்பாலும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, ஒரு குறிப்பிட்ட விரல் வரை கோடு போட்ட மாதிரி இறங்குகிற குடைச்சல் நரம்பு வேரைக் காட்டுகிறது. எரிச்சலும், துணி பட்டாலே கூசுவதும் நரம்பு வலியின் சாயல். தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் காலுக்கு ஷாக் இறங்குகிறது என்றால் தண்டுவடத்தையே சந்தேகிக்க வேண்டும். பிள்ளைகள் இதையெல்லாம் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். கன்னடம் பேசுகிற டாக்டரிடம் போகும்போது மரமரப்புக்கு 'ஜோமு', எரிச்சலுக்கு 'உரி', இழுத்துப் பிடிக்கும் வலிக்கு 'செளெத' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த மூன்று சொல்லையாவது சொல்லிக் கொடுங்கள்.

இனி உடம்பு. கழுத்தில் எலும்பு 7, ஆனால் அங்கிருந்து புறப்படும் நரம்பு ஜோடிகள் 8. பரீட்சையில் எங்களைத் தடுமாற வைத்த கணக்கு இது. முதல் ஏழு நரம்புகளும் அதே எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியே வருகின்றன, எட்டாவது மட்டும் ஏழாம் எலும்புக்குக் கீழே வருகிறது. அதனால் 5க்கும் 6க்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கினால் பொதுவாக மாட்டுவது ஆறாவது நரம்பு. ஒவ்வொரு வேருக்கும் கையில் ஒரு பேட்டை உண்டு. ஐந்தாவது, தோளின் வெளிப்புறம். ஆறாவது, கட்டைவிரல் பக்கம். ஏழாவது, நடுவிரல். எட்டாவது, சுண்டுவிரல். மார்புப் பகுதியின் முதல் நரம்பு முன்கையின் உள்பக்கம். பேட்டைகளின் எல்லை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இருந்தாலும் "எந்த விரல்?" என்ற கேள்விக்கு ஒருவர் தெளிவாகப் பதில் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. "கை பூராவும்" என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

தொடு உணர்ச்சிக்குப் பஞ்சு, குத்து உணர்ச்சிக்குப் பல்குத்தும் குச்சி. இரண்டு கையிலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தொட்டு "ரெண்டும் ஒண்ணா இருக்கா?" என்று கேட்பேன். அப்புறம் பலம். கையைப் பக்கவாட்டில் தூக்குவது ஐந்தாவது, மணிக்கட்டை மேலே மடக்குவது ஆறாவது, முழங்கையை நீட்டித் தள்ளுவது ஏழாவது, விரலை மடக்கிப் பிடிப்பது எட்டாவது, விரல்களை விரிப்பது மார்பின் முதல் நரம்பு. கடைசியில் சுத்தியல். முழங்கை மடிப்பில் தட்டினால் ஐந்து, ஆறின் நிலை தெரியும், முழங்கைக்குப் பின்னால் தட்டினால் ஏழின் நிலை தெரியும். வேர் நசுங்கியிருந்தால் அந்தத் துள்ளல் குறையும், அல்லது இருக்காது. "கேஸ் நடக்குது, அதனால நடிக்கிறான்" என்று சந்தேகிக்கப்படுகிற ஆட்களுக்கு இந்தச் சுத்தியல் பெரிய உபகாரம். பலம் இல்லாத மாதிரி நடிக்கலாம், உணர்ச்சி இல்லை என்று பொய் சொல்லலாம். இல்லாத ரிஃப்ளெக்ஸை நடித்துக் காட்டுவது லேசில்லை.

அடிபட்டால்தான் நரம்பு வேர் கெடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் பாதிக்கப்பட்ட 561 பேரை ஆராய்ந்து 1994ல் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் குருபத் ராதாகிருஷ்ணன், பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அந்த 561 பேரில் விபத்தோ கடும் உழைப்போ காரணமாகச் சொல்லப்பட்டது சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான். அதைவிட ஆறுதலான சேதி, கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் தொந்தரவு இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். வேர் பாதிப்பு என்று கேட்டதும் ஆபரேஷன் என்று நடுங்க வேண்டியதில்லை.

வேரைச் சீண்டிப் பார்க்கிற பரிசோதனைகளில் பழையது 1944ல் ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இருவர் எழுதி வைத்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, வலிக்கிற பக்கம் திருப்பி, உச்சியில் மெதுவாக அழுத்துவது. கழுத்தில் மட்டும் வலித்தால் அது கணக்கில் வராது, கைக்கு இறங்க வேண்டும். வீட்டில் யாருக்கும் செய்து பார்க்காதீர்கள். இதற்கு நேர்மாறாக ஒரு சோதனை இருக்கிறது. வலிக்கிற கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் வலி குறைகிறதா என்று பார்ப்பது. வேரின் மேல் உள்ள இழுவை தளர்வதால் சிலருக்கு உடனே சுகமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் இதைச் சோதிப்பதே ஒரு வேடிக்கை. "கையைத் தலையில வச்சா நல்லா இருக்கு சார், ஆனா மாமியார் விடமாட்டேங்கறாங்க. தலையில கை வச்சு உக்காந்தா குடும்பத்துக்கு ஆகாதாம்" என்றார் ஒரு பெண்மணி. வலி எடுத்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையைத் தலையில் வைத்துக்கொள்வாராம். அவருக்கு ஏழாவது வேர் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. மாமியாரையும் ஒருநாள் வரச்சொல்லி விளக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, கையின் நரம்பை முழு நீளத்துக்கும் நீட்டிப் பார்ப்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபர்ட் எல்வி என்ற பிசியோதெரபிஸ்ட் 1970களின் கடைசியில் வகுத்தது. கையைப் பக்கவாட்டில் விரித்து, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, முழங்கையை மெதுவாக நீட்டி, தலையை எதிர்ப்பக்கம் சாய்க்கச் சொல்வது. கோட்டைக்குள் கர்னல் பெய்லி நிலவறையைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலிருந்து துளையிட்ட கல் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில்தான் கைதிகளின் கையை விரித்துச் சங்கிலி மாட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1780ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்ட பெய்லி 1782ல் இங்கே சிறையிலேயே இறந்தார். கூடப் பிடிபட்ட டேவிட் பெயர்ட் 1784ல் விடுதலையாகி, 1799 மே 4ந் தேதி இதே கோட்டை மேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கி வந்தார். அந்தக் கல் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எல்வி ஞாபகம்தான் வரும். அந்தக் கோலத்தில் ஒரு நாள் முழுக்க நின்றவனின் கை எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். விஷயத்துக்கு வருவோம். நல்ல உடம்புக்காரருக்கும் அந்தக் கோலத்தில் கை இழுக்கத்தான் செய்யும். ஒரு கைக்கும் மறு கைக்கும் வித்தியாசம் இருக்கிறதா, அவருடைய அதே வலி வருகிறதா என்பதுதான் கேள்வி. 2003ல் வெய்ன்னர் என்பவரும் கூட்டாளிகளும் 82 பேரைச் சோதித்து எழுதினார்கள். ஸ்பர்லிங் சோதனை, எல்வி சோதனை, கழுத்தை மேலே தூக்கிப் பிடித்தால் வலி குறைவது, வலிக்கிற பக்கம் 60 டிகிரிக்குமேல் கழுத்து திரும்பாதது, இந்த நான்கும் சேர்ந்திருந்தால் வேர் பாதிப்பு இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று கண்டார்கள். மூன்று இருந்தால் 65. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது இதிலேயே தெரிகிறது.

இப்போது நான் ஏமாந்த கதை.

கஞ்சாமில் இருந்து ஒரு பெரியவர் வருவார். ரிட்டயர்டு பள்ளி ஆசிரியர். பல வருஷம் முன்னால் பஸ் போட்ட பிரேக்கில் கழுத்து வெட்டி இழுத்தது, அன்று முதல் கழுத்துவலி. காலர் போட்டுக்கொள்வார், கழற்றுவார். "வாப்பா, இந்தக் கழுத்துக்கு ஏதாவது பண்ணு" என்று என்னிடம் வந்தார். நானும் பஞ்சு, குச்சி, சுத்தியல் எல்லாம் கையில் வைத்துப் பார்த்தேன். எந்த விரலிலும் தெளிவான உணர்ச்சிக் குறைவு இல்லை, கைக்கு இறங்கும் குடைச்சல் இல்லை. "நரம்புல ஒண்ணும் இல்லை மாமா" என்று சொல்லிவிட்டு ஒத்தடம், பயிற்சி, கழுத்தை இழுக்கும் டிராக்ஷன் என்று மூன்று மாதம் ஓட்டினேன். கழுத்துவலி கொஞ்சம் குறைந்தது. எனக்குத் திருப்தி.

ஒருநாள் மாமி கூட வந்திருந்தார். அவர் சட்டையைப் போட்டுவிடும்போது மாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் பட்டன் போடறதுக்கும் நான்தான் வரணும். கையெழுத்தும் கோணல்மாணலா ஆயிடுத்து. செருப்பு நழுவிப் போறதுகூடத் தெரியலை. வயசாயிடுத்து, இல்லையா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரை எழுப்பி நடக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக. மேஜையைப் பிடித்துப் பிடித்து நாற்காலிக்கு வருகிறவரைப் பார்த்துவிட்டு, வயசு என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து, கயிற்றின்மேல் நடப்பது போல நடக்கச் சொன்னால் இரண்டு அடிக்குமேல் நிற்க முடியவில்லை. பத்து வினாடியில் எத்தனை தடவை கையை முழுசாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினேன். ஜப்பானியர் ஓனோ 1987ல் எழுதிய சோதனை இது, 20க்குக் குறையக் கூடாது. அவருக்கு 11தான் வந்தது. நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடங்கியது. இது ஹாஃப்மன் குறி. முழங்காலில் தட்டினால் கால் உதைத்தது. வேர் கெட்டால் ரிஃப்ளெக்ஸ் குறையும் என்றேனே, தண்டுவடம் நெருக்கப்பட்டால் அதற்குக் கீழே அது கூடும். நான் கையில் மட்டும் தேடினேன், பதில் காலில் இருந்தது. விசேஷம் என்னவென்றால், தண்டுவடம் நெருங்கும்போது வலி அதிகம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கழுத்துவலியை நான் குறைத்தேன் என்று நினைத்தது அந்த நோயின் கணக்கிலேயே சேராது. டிராக்ஷன் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

அன்றே டிராக்ஷனை நிறுத்தி, மைசூரில் ஒரு நரம்பியல் அறுவை நிபுணரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் இரண்டு இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. இப்படிப்பட்ட ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. போனது எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. அவருக்கு நடை ஸ்திரப்பட்டது, கோலோடு நடக்கிறார். விரல் முழுசாகத் திரும்பவில்லை. அந்த மூன்று மாதம் முன்னதாகக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. நான் கேட்டுக்கொள்கிறேன். அன்றிலிருந்து கழுத்து என்று யார் வந்தாலும் முதலில் நடக்க வைத்துவிட்டுத்தான் உட்கார வைக்கிறேன்.

நான் ஒருத்தன்தான் இப்படி என்று இல்லை. இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 2 வருஷத்துக்குமேல் ஆகிறது என்று 2013ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வில் பலருக்கு முதலில் மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்றே சொல்லப்பட்டிருந்தது. ஜப்பானியர் சோப்ஸ்டிக் பிடிக்க வருகிறதா என்று கேட்கிறார்கள். நம் வீட்டில் பார்க்க வேண்டியது வேறு. வாசலில் அம்மா போடும் கோலத்தின் இழை கொஞ்ச நாளாக நடுங்குகிறதா? மல்லிகை தொடுக்கும்போது முடிச்சு நழுவுகிறதா? புடவைக் கொசுவம் நிற்கவில்லையா? பர்ஸில் சில்லறையைக் கண்ணால் பார்க்காமல் எடுக்க முடிகிறதா? இருட்டில் நடக்கத் தடுமாறுகிறாரா? சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓடுகிறாரா? பழைய கழுத்துக்காரர் ஒருவருக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் 'வயசு' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

"அப்படின்னா எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமே?" என்பது அடுத்த கேள்வி. 2015ல் ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபது வயசுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருப்பதைக் கண்டு நடுங்குகிறவர்கள், அது நரைமுடி மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் மரத்துப் போகிறவருக்குப் படத்தில் ஆறாவது வேர் நெருங்கியிருந்தால் அந்தப் படம் அவருடைய வலிக்குப் பதில் சொல்லவில்லை. கைப்பரிசோதனை கேள்வியைச் சரியாகக் கேட்ட பிறகுதான் படத்துக்கு மரியாதை. தண்டுவடக் குறிகள் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும்.

மின்சாரம் வைத்துப் பார்க்கும் நரம்புச் சோதனையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உணர்ச்சி நரம்பின் உயிரணுக்கள் தண்டுவடத்துக்கு வெளியே ஒரு முடிச்சில் இருக்கின்றன. வேர் நசுங்குவது வழக்கமாக அந்த முடிச்சுக்கு உள்பக்கம். அதனால் விரல் மரத்திருந்தாலும், விரலிலிருந்து முடிச்சு வரை உள்ள நரம்பு உயிரோடுதான் இருக்கும், சோதனை நார்மல் என்று வரும். "மரத்துப்போச்சுங்கறேன், மெஷின் இல்லைங்குது" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். மாறாக, மணிக்கட்டிலோ முழங்கையிலோ நரம்பு நெருங்கியிருந்தால் இதே சோதனை அதைக் காட்டிக் கொடுக்கும். தசையில் ஊசி வைத்துப் பார்ப்பதில் மாற்றம் தெரிய மூன்று வாரமாவது ஆகும். விபத்து நடந்த மறுநாள் எடுத்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று கோர்ட்டில் காட்டுவது நியாயம் இல்லை.

கோர்ட் என்றதும் ஒரு இளைஞர் ஞாபகம் வருகிறார். சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வண்டி இடித்தது. எட்டு மாதம் ஆயிற்று. கழுத்திலிருந்து கைக்கு எரிச்சல், இரவில் தூக்கம் இல்லை. எம்.ஆர்.ஐ. சுத்தம். பலம், உணர்ச்சி, ரிஃப்ளெக்ஸ் எல்லாம் சரி. நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு "நடிப்பு" என்றது. வீட்டிலும் மெல்ல மெல்ல நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

1995ல் கனடாவின் கியூபெக்கில் ஒரு குழு இப்படிப்பட்ட கழுத்துக் காயங்களைத் தரம் பிரித்தது. வலி மட்டும் முதல் தரம், வலியோடு அசைவுக் குறைவும் தொட்டால் வலிப்பதும் இரண்டாம் தரம், பலம், உணர்ச்சி, ரிஃப்ளெக்ஸ் குறைந்தால் மூன்றாம் தரம், எலும்பு முறிவு நான்கு. அந்தக் கணக்குப்படி இவர் இரண்டாம் தரம், அதாவது நரம்பில் ஒன்றுமில்லை. ஆனால் சுத்தியலும் பஞ்சும் மெஷினும் பார்ப்பது பருத்த நரம்பு இழைகளை. சூடு, குளிர், குத்து வலி இவற்றைக் கொண்டு போகிற மெல்லிய இழைகள் அந்தச் சோதனைகளில் அகப்படுவதில்லை. 2020ல் ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட கழுத்துக் காயக்காரர்களின் தோலில் துளி எடுத்துப் பார்த்தபோது மெல்லிய இழைகளில் பாதிப்பு தெரிந்தது. நரம்பு அறுபடாமல், சுற்றி வீங்கிச் சிவந்திருந்தாலே எரிச்சலும் இழுப்பும் வரலாம் என்பதும் இப்போது பேசப்படுகிறது. அந்த இளைஞருக்கு நான் செய்தது எளிது. குளிர்ந்த நாணயம், வெதுவெதுப்பான நாணயம், பல்குச்சி. வலிக்கிற கையில் குளிர்ச்சி தாமதமாகத்தான் தெரிந்தது, குச்சி மழுங்கிய மாதிரி இருந்தது. எல்வி கோலத்தில் அவருடைய அதே எரிச்சல் வந்தது. கோர்ட்டுக்கு இது போதுமா என்று எனக்குத் தெரியாது. நரம்பியல் டாக்டருக்குப் போதுமானதாக இருந்தது. சாதாரண வலி மாத்திரையை நிறுத்தி நரம்பு வலிக்கான மருந்தை ஆரம்பித்தார். தூக்கம் வந்தது. அப்பாவிடம் நானே பேசினேன். "நான்கூட சோம்பேறித்தனம்னு நினைச்சுட்டேன்" என்றார்.

கையில் மரமரப்பு எல்லாமே கழுத்தால் வருவதில்லை. ராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும் மரத்திருந்தால் முழங்கை. இரண்டு பாதத்திலும் முதலில் ஆரம்பித்து அப்புறம் கைக்கு வந்தால் சர்க்கரை. தோலில் வெளுத்த, உணர்ச்சியற்ற படை இருந்தால் தொழுநோயை மறந்துவிடக் கூடாது, அது இன்னும் போய்விடவில்லை. நம் சைவக் குடும்பங்களில், அதிலும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களிடம், பி12 குறைவு தண்டுவடத்தையே கெடுத்து நடையைத் தடுமாற வைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிகிற விஷயம்.

சலூன் பற்றி ஒரு வார்த்தை. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ஒரு திருப்பு, 'டக்'கென்று சத்தம், சுகம். 2017ல் டில்லியில் ஒருவருக்கு இப்படிச் செய்த பிறகு மூச்சு விடுவதற்கான உதரவிதானத்தின் நரம்பு செயலிழந்ததாகச் செய்தி வந்தது. அந்த நரம்பு புறப்படுவது கழுத்தின் 3, 4, 5 வேர்களிலிருந்து. பழைய அடி உள்ள கழுத்தை யாரிடமும் இப்படித் திருப்பக் கொடுக்காதீர்கள். "வேணாம்ப்பா" என்று சொன்னால் சலூன்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அடிபட்ட தேதி, எந்த விரல், எந்தக் கோலத்தில் கூடுகிறது, எதில் குறைகிறது, போன வருஷம் செய்ய முடிந்து இந்த வருஷம் முடியாதது என்ன. பெரியவர் சொல்வதை அவர் சொன்ன தமிழ்ச் சொல்லிலேயே எழுதுங்கள், அர்த்தத்தை அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் நடக்கச் சொல்லவில்லை என்றால், "ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பாருங்களேன்" என்று நீங்களே கேளுங்கள். கை, கால் திடீரென்று பலம் இழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ காகிதமும் வேண்டாம், மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே மைசூருக்குக் கிளம்பிவிடுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அரை மணி நேரம்தான்.